மூன்று கிலோஜூல் பிளாஸ்மா ஃபோகஸ்: கோலாலம்பூரில் கட்டி, ஊருக்கு எடுத்துப்போன ஓர் இணைவு ஆய்வுக் கருவி

பின்னணி

பணக்கார நாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போய்வரும் இளம் இயற்பியலாளர் ஊர் திரும்பியதும் என்ன செய்வார்? 1980களில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பலருக்கு இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. அங்கே பழகிய கருவியை இங்கே வாங்க முடியாது. துறையில் ஒரு வெற்றிடப் பம்பும் பழைய ஆசிலோஸ்கோப்பும் இருந்தாலே பெரிய விஷயம். இரண்டு மூன்று வருடத்தில் கற்றது மறந்துபோகும். அன்பளிப்பாக வந்த கருவியும் ஓர் உதிரிபாகம் போனால் மூலைக்குப் போய்விடும்.

அணுக்கரு இணைவு ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. டோகாமாக் என்ற, பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் பெரிய இணைவுக் கருவியைக் கட்டப் பெரும் நிதியும் பெரிய பொறியாளர் படையும் வேண்டும். ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறை தனியாக எட்டக்கூடிய தூரத்தில் அது இல்லை.

இந்தச் சூழலில், மலேசியாவின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1985-86இல், பிளாஸ்மா ஃபோகஸ் என்ற சிறிய இணைவு ஆய்வுக் கருவியைக் கட்டிப் பழகும் ஏறத்தாழ ஆறு மாதப் பயிற்சி ஒன்று நடந்தது. டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் அதற்கு ஆதரவளித்தது. அப்துஸ் சலாம் நிறுவிய திரியெஸ்த் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் பிறகு கைகொடுத்தது. எகிப்து, இந்தியா, இந்தோனேசியா, பாகிஸ்தான், சியரா லியோன் ஆகிய நாடுகளின் இயற்பியலாளர்கள் உள்ளூர்க் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்களின் பெயர்கள் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும், அவை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதும்தான் இங்கே பேசப்படுகிறது.

பிளாஸ்மா ஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது

1950களில் மாஸ்கோவில் ஃபிலிப்போவ் என்ற இயற்பியலாளரும், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேதர் என்ற இயற்பியலாளரும் தனித்தனியாக இந்தக் கருவியைக் கண்டடைந்தார்கள். கோலாலம்பூரில் கட்டியது மேதர் வகை. நடுவில் ஒரு செம்புக் குழாய், அது நேர்மின்வாய். சுற்றிலும் வட்டமாகச் செம்புக் கம்பிகள், அவை எதிர்மின்வாய். இரண்டுக்கும் நடுவே, அடிப்பகுதியில், நேர்மின்வாயைச் சுற்றி ஒரு கண்ணாடி உறை. இவை இருக்கும் அறையில் காற்றை வெளியேற்றிவிட்டு, சில டார் அழுத்தத்துக்கு (ஒரு டார் என்பது வளிமண்டல அழுத்தத்தில் 760இல் ஒரு பங்கு) டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் வாயுவை விடுகிறார்கள்.

மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலை ஒரே கணத்தில் திறந்துவிட்டால், கண்ணாடி உறையின் மேற்பரப்பில் மின்னோட்டம் பாய்ந்து மெல்லிய பிளாஸ்மாத் தகடு (அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்த சூடான வாயுப் படலம்) ஒன்று உருவாகும். அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலமே தகட்டை மேலே தள்ளும். நேர்மின்வாயின் முனையை எட்டியதும் தகடு உள்நோக்கி மடங்கி, அச்சை நோக்கிப் பாய்ந்து நசுங்கும். இப்படி நசுங்கிய பிளாஸ்மாத் தூணைத்தான் பின்ச் என்கிறோம், அது சரியாக அமைவதையே கருவி ஃபோகஸ் ஆகிறது என்கிறோம். இந்தக் கருவியில் அதன் நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், ஆரம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஆயுள் பத்து நானோ விநாடி அளவு. அந்தச் சொற்ப நேரத்துக்குள் டியூட்டீரியம் அணுக்கருக்கள் இணைந்து நியூட்ரான்கள் வெளிவருகின்றன. பின்ச் உடையும்போது எலக்ட்ரான்கள் நேர்மின்வாயை நோக்கியும் அயனிகள் எதிர்த்திசையிலும் கற்றையாகப் பாய்கின்றன. நியூட்ரான்களில் பெரும்பகுதி இந்த அயனிக் கற்றை அடர்ந்த வாயுவை மோதுவதால் வருகிறது. வெறும் வெப்பத்தால் வருவது குறைவு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது: பயிற்சியில் கட்டும் கருவி பயிற்சியாளரோடு அவர் நாட்டுக்குப் போக வேண்டும், அங்கே அவரே அதைக் கழற்றிப் பூட்டிப் பழுதுபார்க்க வேண்டும். மலாயாக் குழுவிடம் ஏற்கெனவே பெரிய பிளாஸ்மா ஃபோகஸ் அனுபவம் இருந்தது. அதையே பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் பயிற்சியாளர் கையில் ஊருக்குக் கொண்டுபோக ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டாவது, மின்தேக்கி. பல மின்தேக்கிகளை இணைத்தால் மின்தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு) குறையும், மின்னோட்டம் வேகமாக ஏறும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச் வேண்டும், எல்லா ஸ்விட்ச்சும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் அந்த ஷாட் (ஒரு தடவை மின்தேக்கியைத் திறந்துவிடுவது) வீண். குழு ஒரே ஒரு மின்தேக்கியைத் தேர்ந்தெடுத்தது: அமெரிக்க மேக்ஸ்வெல் தயாரிப்பு, 30 மைக்ரோஃபாரட், 15 கிலோவோல்ட். முழுதாக ஏற்றினால் சுமார் 3.4 கிலோஜூல். வழக்கமாக 14 கிலோவோல்ட்டை ஒட்டி இயக்கும்போது 3 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இந்தச் சுற்றின் நிலை மின்தூண்டம் (தகடு நகரத் தொடங்கும் முன்பே இருப்பது) 110 நானோஹென்றி, அதாவது அதிகம். மின்னோட்டம் உச்சத்தை எட்ட 2.8 மைக்ரோ விநாடி ஆகும். அதற்கு ஏற்ப நேர்மின்வாயை நீளமாக்கினார்கள்: 160 மில்லிமீட்டர் நீளம், 9.5 மில்லிமீட்டர் ஆரம். தகடு அந்தத் தூரத்தைக் கடந்து முனையை எட்டும் நேரமும் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் பொருந்திப்போகும். 32 மில்லிமீட்டர் ஆரத்தில் ஆறு செம்புக் கம்பிகள் எதிர்மின்வாயாக நின்றன. இதே 3 கிலோஜூலில் இன்னும் வேகமான சுற்று சாத்தியம்தான். ஆனாலும் இந்தத் தேர்வு சரியென்றே நான் நினைக்கிறேன். வேகத்தை விட்டுக்கொடுத்து, தினமும் தவறாமல் ஃபோகஸ் ஆகும் கருவியை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஆளாக ஊரில் வேலை செய்யப்போகிறவருக்கு அதுதான் முக்கியம்.

மூன்றாவது, ஸ்விட்ச். விலை கூடிய, இறக்குமதி செய்ய வேண்டிய குழாய் ஸ்விட்ச்சுகளைத் தவிர்த்து, சாதாரணக் காற்றிலேயே இயங்கும் இணைத்தட்டு தீப்பொறி இடைவெளி ஸ்விட்ச்சை வைத்தார்கள். அதன் தட்டுகளைப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். தேய்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூட்டலாம். வெற்றிடத்துக்கு ரோட்டரி பம்ப் போதும், ஏனென்றால் வேலை நடக்கும் அழுத்தமே சில டார்.

நான்காவது, அளவிடும் முறை. இரண்டே சமிக்ஞைகளில் தொடங்கினார்கள்: மின்னோட்டத்துக்கு ஒரு ரோகோவ்ஸ்கி சுருள், மின்னழுத்தத்துக்கு ஒரு மின்தடைப் பகுப்பான். இரண்டையும் கையாலேயே செய்துகொள்ளலாம்.

ஐந்தாவது முடிவு பலர் கவனிக்காதது. கருவியோடு சேர்த்து அதன் கணக்கீட்டு மாதிரியையும் கற்றுக்கொடுத்தார்கள். மின்சுற்றுச் சமன்பாட்டையும் தகட்டின் இயக்கச் சமன்பாட்டையும் ஒன்றாகத் தீர்க்கும் சிறிய நிரல் அது. அன்றைய மேசைக் கணினியில் ஓடும். கருவியில் பார்த்ததைக் கணினியில் ஒப்பிடலாம், பொருந்தாவிட்டால் ஏன் என்று தேடலாம்.

ஆய்வகத்தில் கண்டவை

புதுக் கண்ணாடி உறை போட்டதும் இப்படிப்பட்ட கருவி உடனே ஃபோகஸ் ஆவதில்லை. மின்னோட்டக் கோடு வெறும் சைன் அலையாக ஏறி இறங்கும். சில ஷாட்டுகளுக்குப் பிறகு உறையின் மேற்பரப்பு பதப்பட்டு, தகடு சீராகக் கிளம்ப ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு ஷாட்டில், கோடு உச்சத்தைத் தாண்டியதும், திடீரென்று கத்தியால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் விழும். அதே கணத்தில் மின்னழுத்தக் கோட்டில் ஒரு கூர்மையான முள் எழும். இந்தப் பள்ளமும் முள்ளும் சேர்ந்து வந்தால் பின்ச் ஆகிவிட்டது என்று அர்த்தம். பின்ச்சின் மின்தூண்டம் சட்டென்று ஏறுவதன் அடையாளம் அது.

அடுத்த வேலை அழுத்தத்தைத் தேடுவது. வாயு குறைவாக இருந்தால் தகடு இலேசாகி, மின்னோட்டம் உச்சத்தை அடையும் முன்பே முனைக்குப் போய்விடும். அதிகமாக இருந்தால் மின்னோட்டம் இறங்கிய பிறகுதான் போய்ச் சேரும். இரண்டிலும் பள்ளம் ஆழமில்லாமல் போகும். அரை டார் அரை டாராக மாற்றி, ஒவ்வொன்றிலும் சில ஷாட் அடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் மின்தேக்கியைத் தரையிணைப்புக் கோலால் தொட்டு எஞ்சிய மின்னூட்டத்தை வடித்த பிறகே அருகில் போகலாம். மூன்று கிலோஜூல் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

இந்தக் கருவிக்கு டியூட்டீரியத்தில் 3 முதல் 4 டார்தான் நல்ல இடம். உச்ச மின்னோட்டம் 170 கிலோஆம்பியரை ஒட்டி. நல்ல ஷாட்டில் ஏறத்தாழ 10 கோடி நியூட்ரான். டியூட்டீரியம் கிடைக்காத ஊரில் நியானிலும் ஆர்கானிலும் காற்றிலும்கூட ஃபோகஸ் பார்க்கலாம். கனமான வாயுவுக்கு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டால் சரி. வாயு வாங்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய துறைக்கு இது பெரிய ஆறுதல்.

இங்கே ஒரு கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். 10 கோடி நியூட்ரான் வெளிவருகிறது என்றால், கூடவே நடக்கும், நியூட்ரானுக்குப் பதில் புரோட்டானை வெளிவிடும் இணைவு வினையையும் சேர்த்து, வெளிப்பட்ட இணைவு ஆற்றல் ஒரு மில்லிஜூலில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளே போனது மூன்றாயிரம் ஜூல். இரண்டரைக் கோடியில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. ஆகவே இது மின்நிலையத்துக்கான மாதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் ஒரு மேசையைச் சுற்றி நின்று, உண்மையான இணைவு வினையை உண்டாக்கி, அதன் நியூட்ரானை எண்ணி, பிளாஸ்மா எப்படி நகர்ந்தது என்று புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு

கருவித் தொகுப்புகள் பயிற்சியாளர்களின் நாடுகளுக்குப் போயின. கருவியின் வடிவமைப்பும் முடிவுகளும், மலாயாக் குழுவும் பயிற்சியாளர்களும் கூட்டாக எழுதிய கட்டுரையாக 1988இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் ஆய்விதழில் வந்தன. அதே ஆண்டு ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மாப் பயிற்சிச் சங்கம் உருவானது. தாய்லாந்து, ஜிம்பாப்வே, சிங்கப்பூர் என்று கருவி பிறகு இன்னும் பல இடங்களுக்குப் பரவியது.

ஒரே அளவுள்ள கருவி பல நாடுகளில் இருந்ததில் ஒரு தனி நன்மை கிடைத்தது. பொதுவாக ஒவ்வோர் ஆய்வகமும் தன் தன் அளவில் கருவி கட்டுவதால் முடிவுகளை ஒப்பிடுவது தலைவலி. இங்கே ஓர் ஊரில் கிடைத்த கோட்டை இன்னோர் ஊரில் எடுத்த கோட்டின் மேல் அப்படியே வைத்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு குழுவும் தன் தேவைக்குக் கருவியைத் திருப்பிக்கொண்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில், ஃபோகஸிலிருந்து பாயும் அயனிகளை மெல்லிய படலங்களின் மேல் விழவைத்து அவற்றின் பண்புகளை மாற்றும் ஆய்வுகள் வளர்ந்தன. பாகிஸ்தானில் காயிதே ஆசம் பல்கலைக்கழகக் குழு நியூட்ரான், எக்ஸ் கதிர் உமிழ்வுகளில் நீண்டகாலம் உழைத்தது. சிங்கப்பூரில் நியான் வாயுவின் மென் எக்ஸ் கதிரை மின்னணுச் சில்லு அச்சிடப் பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக, விநாடிக்குப் பல ஷாட் அடிக்கும் வேறொரு கருவியைக் கட்டினார்கள். சிறிய கருவியில் கைப்பழக்கம் வந்தவர்களால்தான் அது முடிந்தது என்பது என் கருத்து.

எதிர்பாராத விளைவு: பெரிய கருவிகள் ஏன் தேங்கின

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சேமித்த ஆற்றலை இரட்டிப்பாக்கினால் நியூட்ரான் நான்கு மடங்கு ஆகும் என்று சிறிய, நடுத்தரக் கருவிகளில் கண்டிருந்தார்கள். 3 கிலோஜூலில் 10 கோடி என்றால், இதே விதிப்படி ஒரு மெகாஜூலில் 10 லட்சம் கோடிக்கு மேல் வர வேண்டும். இந்த நம்பிக்கையில் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டியிலும் பிறகு வார்சாவிலும் மெகாஜூல் அளவில் கருவிகள் எழுந்தன. கிடைத்ததோ பத்தாயிரம் கோடி என்ற அளவு. எதிர்பார்த்ததில் நூறில் ஒரு பங்கு. பிளாஸ்மா ஃபோகஸ் ஓர் எல்லையைத் தொட்டுவிட்டது என்ற எண்ணம் பரவி, பலர் இந்தத் துறையை விட்டே போனார்கள்.

காரணம் பின்ச்சில் இருக்கிறதா, உறையில் இருக்கிறதா, மாசில் இருக்கிறதா என்று பலவாறு பேச்சு இருந்தது. பயிற்சிக்காக எழுதிய அந்தக் கணக்கீட்டு மாதிரி, வருடங்கள் போகப்போக விரிந்து, இந்தக் கேள்விக்குப் பயன்பட்டது. மாதிரியை ஒரு கருவியோடு பொருத்த, அளந்த மின்னோட்டக் கோடு ஒன்றே போதும். கட்டைத் துடைப்பம் வாசல் தண்ணீரைத் தள்ளும்போது ஒரு பங்கு பக்கவாட்டில் தப்பி ஓடுவதைப்போல, பிளாஸ்மாத் தகடும் வாயுவில் ஒரு பங்கைத்தான் அள்ளிக்கொண்டு போகிறது. எவ்வளவு அள்ளுகிறது, மின்னோட்டத்தில் எவ்வளவு உண்மையில் தகட்டின் வழியே பாய்கிறது என்ற எண்களைக் கோட்டின் வடிவமே சொல்லிவிடும். 3 கிலோஜூல் கருவியில் தகடு மேலேறும்போது அள்ளியது சுமார் 8 சதவீதம்தான்.

இந்த முறையில் பெரிய கருவிகளையும் கணக்கிட்டபோது, 2008-09 வாக்கில் காரணம் பிடிபட்டது. தகடு நகரும்போது சுற்றின் மின்தூண்டம் ஏறிக்கொண்டே போகிறது. மின்சுற்றின் பார்வையில் அது ஒரு மின்தடை மாதிரி நடந்துகொள்கிறது. தகட்டின் வேகம் சிறிய கருவியிலும் பெரிய கருவியிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மைக்ரோ விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில். ஆகவே அந்த மின்தடையும் எல்லாக் கருவியிலும் சில மில்லிஓம் என்ற அளவிலேயே நிற்கிறது. சிறிய கருவியில் மின்தேக்கிச் சுற்றின் சொந்த மறிப்பு (மின்தேக்கியும் மின்தூண்டமும் சேர்ந்து மின்னோட்டத்துக்குத் தரும் தடை) அதைவிடப் பல மடங்கு பெரியது. நாம் பார்க்கும் கருவியில் அது 60 மில்லிஓம், ஆகவே நகரும் தகட்டின் தடை பெரிதாக உறுத்தாது. மின்தேக்கிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இந்த மறிப்பு இறங்கி, மெகாஜூலில் சில மில்லிஓமுக்கு வந்துவிடும். அதற்கு மேல் எத்தனை மின்தேக்கி சேர்த்தாலும் மின்னோட்டத்தைக் கட்டிப்போடுவது தகட்டின் தடைதான். ஆற்றல் ஏறும், மின்னோட்டம் ஏறாது. நியூட்ரானோ மின்னோட்டத்தைத்தான் பின்தொடர்கிறது: பின்ச் மின்னோட்டத்தின் நாலரை அடுக்கில் என்று அந்தக் கணக்கீடுகள் காட்டின.

அப்படியானால் பின்ச்சின் இயற்பியலில் தேக்கம் இல்லை. தேங்கியது, ஒரே மின்னழுத்தத்தில் மின்தேக்கிகளை மட்டும் பெருக்கிக்கொண்டே போன வழி.

என்ன மாற வேண்டும்

ஒரு கருவியை அதன் கிலோஜூலால் மட்டும் அறிமுகப்படுத்தும் வழக்கம் மாற வேண்டும். பின்ச் மின்னோட்டமே முதல் எண்ணாக இருக்க வேண்டும். மெகாஜூல் திட்டங்கள் தொடங்கியபோதே இப்படி எண்ணியிருந்தால் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் மனம் தளர்ந்து விலகியிருக்க மாட்டார்கள் என்பதே என் வருத்தம்.

மின்னோட்டக் கோட்டை முழுதாக, அளவு திருத்தத்தோடு வெளியிட வேண்டும். உச்ச மதிப்பை மட்டும் தரும் கட்டுரைகளால் பிறகு வருகிறவர்கள் மாதிரியைப் பொருத்திப் பார்க்க முடியாமல் போகிறது. கோடு முழுதாக இருந்தால் இருபது வருடம் கழித்தும் அதிலிருந்து புதிதாகக் கற்கலாம்.

பயிற்சித் தொகுப்பைப் பொறுத்தவரை, உள்ளூரில் செய்ய முடியாத பெரிய பாகம் மின்தேக்கி. ஸ்விட்ச், மின்வாய், சுருள் எல்லாம் பட்டறையில் முடியும். இது மட்டும் முடியாது. இன்று இதே திட்டத்தைத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு தொகுப்போடும் ஒரு மாற்று மின்தேக்கி வைப்பேன், வேறு ஏதாவதைக் குறைத்தாவது. நியூட்ரான் எண்ணும் கருவிகளையும் எல்லா ஊருக்கும் ஒரே மூலத்தால் அளவுதிருத்தி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஓர் ஊரின் 10 கோடியும் இன்னோர் ஊரின் 10 கோடியும் ஒன்றா என்பதில் சந்தேகம் தங்கிவிடும்.

பெரிய கருவிகளுக்கு வழி, மின்தேக்கிகளை இன்னும் சேர்ப்பதைவிட மின்னழுத்தத்தை உயர்த்துவது. பெரும்பாலான பெரிய கருவிகள் 20 முதல் 40 கிலோவோல்ட்டுக்குள் ஓடியவை. அதைத் தாண்டும்போது கண்ணாடி உறையின் மேற்பரப்பில் மின்கசிவு, தகடு சீராகக் கிளம்பாமை என்ற பழைய தொல்லைகள் பெரிதாகின்றன. அடுத்த உழைப்பு போக வேண்டிய இடம் உறையின் பொருளும் வடிவமும்தான். அந்த வேலையின் முதல் கட்டத்தை மூன்று கிலோஜூல் கருவியிலேயே தொடங்கலாம். உறையை மாற்றி, வாயுவை மாற்றி, ஒரே நாளில் பல ஷாட் அடித்துப் பார்க்க அதில்தான் முடியும்.